நாற்பத்தொன்றாம் ஆணி

நடப்பது மூன்று பேர். காலடிச் சத்தம் நான்கு பேருடையது.

டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மழலையர் பள்ளியில் தினமும் முப்பது வாண்டுகளின் தலையை எண்ணி எண்ணி, விடுமுறை நாளிலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. முன்னால் அவளுடைய போனை டார்ச்சாகப் பிடித்தபடி தம்பி, அவன் சட்டையைப் பிடித்தபடி வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடும் அவள் மகள், கடைசியில் இவள். இவளுக்கும் பின்னால், ஈரக் கல்லில் சளக், சளக் என்று இன்னொன்று.

"எதிரொலிக்கா," என்றான் தம்பி. "சுரங்கத்துல எதிரொலி வராம பின்ன பாட்டா வரும்?"

"மாமா, நீ பாடினா எதிரொலியே ஓடிடும்," என்றாள் வாலு.

பெரிய மலையேற்றமெல்லாம் இல்லை. எப்போதோ மூடிப்போன சுரங்கத்தை நடைபாதையாக்கி இருக்கிறார்கள். சமதளம், ஒரு கிலோமீட்டர், ஒரு சுற்று சுற்றினால் நுழைந்த வாசலுக்கே வந்துவிடலாம். அடுத்த வாரம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரலாமா என்று பார்த்துப்போகத்தான் டீச்சர் வந்தாள்.

வாசலில் ஆணிகள் அடித்த ஒரு பலகை. நுழைகிறவர்கள் எண் போட்ட பித்தளை டோக்கனை ஓர் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். பலகை காலி என்றால் உள்ளே ஆள் இல்லை, கேட்டைப் பூட்டலாம். சுரங்கம் ஓடிய காலத்து வழக்கம். வருகிறவர்களுக்கு ஜாலியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். தம்பிக்கு முப்பத்தொன்பது, வாலுவுக்கு நாற்பது, டீச்சருக்கு நாற்பத்தொன்று.

"அவங்கவங்க டோக்கனை அவங்கவங்கதான் எடுக்கணும்," என்று காவலாளி கறாராகச் சொல்லியிருந்தார். "அந்தக் காலத்துல ஒருத்தன், உதவின்னு நினைச்சு கூட்டாளியோடதையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டான். பலகை காலி. பூட்டிட்டாங்க. மறுநாள் திறந்து பார்த்தா உள்ள ஆளே இல்ல."

"வேற வழியா போயிருப்பாரோ?"

"இதுல ஏதும்மா வேற வழி?"

திரும்பும் வழியில், கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சரின் ஷூ லேஸ் அவிழ்ந்தது. "நீங்க போங்க, இதோ வந்துட்டேன்" என்று குனிந்தாள். டார்ச் வெளிச்சம் வளைவில் மறைந்தது. சுவரில் மங்கலாக ஒரே ஒரு பல்பு. எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. துருப்பிடித்த இரும்பும் பழைய வியர்வையும் கலந்த வாடை பின்னாலிருந்து வந்து, கழுத்தை உரசி, அவளைத் தாண்டி முன்னே போனது.

சளக். சளக்.

வளைவுக்கு அப்பால் வாலுவின் குரல். "அம்மா, உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

டீச்சரின் இரண்டு கைகளும் லேஸில் இருந்தன.

"வாலூ!" என்று கத்தினாள். எதிரொலி வரவில்லை. ஓடினாள். முன்னால் கேட்ட காலடிகளை மனசு தானாகவே எண்ணியது. மூன்று. சரியாக மூன்று. அவள் ஓடுவதற்குச் சத்தமே இல்லை.

வளைவு. வாசல். நாலு மணி வெயில்.

தம்பி முப்பத்தொன்பதை எடுத்தான். வாலு எக்கி நாற்பதை எடுத்தாள். மூன்றாவதாக ஒரு கை நீண்டது. இவளுடைய பச்சைச் சுடிதாரின் கை. இவளுடைய வாட்ச்.

நாற்பத்தொன்றாம் ஆணி காலி.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் காவலாளி.

"மூணு பேரு போனோம், மூணு பேரும் வந்துட்டோம்ணே," என்றான் தம்பி.

கேட் கிறீச்சிட்டு மூடியது. டீச்சர் பாய்ந்து கம்பிகளுக்கிடையே கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். "எப்பா, என்ன குளிரு." பூட்டினார். சாவியைப் பைக்குள் போட்டார். போனார்.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. கையில் வெயில் விழுந்தது. சுடவில்லை.

காருக்குப் பக்கத்தில் வாலு நின்றாள்.

"அம்மா, லேஸ் அவிழ்ந்திருக்கு பாரு. இரு, நானே கட்டிவிடுறேன்."

மண்டிபோட்டாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே இரண்டு காது வைத்து முடிச்சுப் போட்டாள். குனிந்திருந்த அந்தத் தலைமேல் ஒரு கை பதிந்தது. விரல்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் வகிடு வழியே மெதுவாக இறங்கியது.

டீச்சரின் முகத்தோடு நின்ற அது கேட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, வகுப்பில் எண்ணுவதுபோல ஒரு விரலை உயர்த்தியது.

தம்பி. ஒன்று.

வாலு. இரண்டு.

தன் நெஞ்சு. மூன்று.

விரல் அங்கேயே நின்றது.