கத்திக்கு நொறுங்கிய துண்டு

“அப்போ சொன்னதா, இப்போ சொல்றதா, எது பொய், டாக்டரம்மா? போன மாசம் என் தங்கச்சியோட கருப்பையை எடுத்தப்ப, சாதாரண நார்க்கட்டின்னு இங்கதான் எழுதிக் குடுத்தீங்க. இப்போ ஸ்கேன்ல நுரையீரல் பூரா உருண்டை உருண்டையா இருக்குங்கிறாங்க. எந்தப் புத்துநோய்னு தெரியாம மருந்து ஆரம்பிக்க மாட்டாங்களாம்!”

திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த அந்த அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை.

பெரிய டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய உதவி டாக்டருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். அதற்குள் அவன் துப்புத் துலக்கியே முடித்துவிட்டான்.

“மேடம், ஸ்லைடு மாறிப்போயிருக்கும்!”

“சும்மா இருப்பா. பதிவேட்டுல அன்னிக்கு வந்த கருப்பை இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பித்தப்பை.” அக்காவிடம் திரும்பினார். “தங்கச்சிக்கு மாதவிலக்கு நின்னுடுச்சாம்மா?”

“நின்னு சில வருஷமாச்சு. வயிறு பெருசானதே அதுக்கப்புறம்தான்.”

டாக்டரம்மாவின் முகம் வாடியது. “நார்க்கட்டின்னா அப்போ சுருங்கணும். இது வளர்ந்திருக்கு. வாப்பா, மிச்சத்தைப் பார்ப்போம்.”

திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஜாடியில் கருப்பையின் மீதி ஊறிக்கொண்டிருந்தது. வெள்ளையாய், கெட்டியாய் இருந்த பக்கத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய குழிகள். ஓரத்தில் மஞ்சளாய், பொலபொலவென்று ஒரு பகுதி. அதை யாரும் பரிசோதனைக்கு எடுக்கவில்லை.

“யார் வெட்டினது?”

அவசரம் ஜாடியை எட்டிப் பார்த்தான். “நான்தான் மேடம். அந்த ஓரம் கத்திக்கு நொறுங்குச்சு. நல்லா வெட்ட வந்ததை மட்டும் எடுத்துட்டேன்.”

“செத்து நொறுங்குற இடத்துலதானப்பா புத்துநோய் ஒளிஞ்சிருக்கும், அதைத்தான் முதல்ல எடுக்கணும்! நானும் ஜாடியைப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன் பாரு.”

அந்த மஞ்சள் பகுதியிலிருந்து துண்டு எடுத்தார்கள்; மறுநாள் நுண்ணோக்கியில் எல்லாம் தெரிந்தது. செத்த செல்களின் திட்டுகள், கோணல்மாணலான உட்கருக்கள், பார்த்த இடமெல்லாம் இரண்டாகப் பிரியும் செல்கள். கருப்பையின் தசையிலேயே பிறக்கும் அரிய புற்றுநோய், லியோமயோசார்கோமா.

டாக்டரம்மா அக்காவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். “தப்பு எங்களோடதும்மா. இது ரத்தத்துல ஏறி நுரையீரலுக்குப் போயிருக்கு. இனி மருந்து ஆரம்பிக்கலாம். ஆனா குணமாகும்னு வாக்குக் குடுக்க முடியல.”

“எனக்கும் கட்டி இருந்துச்சு, தானா சுருங்கிடுச்சு. ‘உனக்கும் சுருங்கும்டி, ஆஸ்பத்திரி எதுக்கு’ன்னு நான்தான் அவளைத் தடுத்தேன். முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாளா?”

“தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

அவசரம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். வெளியே பெஞ்சில் காத்திருந்த தங்கையின் குரல் கேட்டது.

“அக்கா, உள்ளேயே குடித்தனம் நடத்தப் போறியா? பசியில உயிர் போகுது!”

அக்கா முகத்தை அழுந்தத் துடைத்தாள். “இதோ வந்துட்டேன்டி,” என்றாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.