மடியில் தூங்கும் குழந்தை

தான் எழுதாத ஒரு வரியை லேப்டாப் குரல் வாசித்தபோது அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலைப் பற்றிய அந்த இணையப் புத்தகம் மாலைக்குள் வெளியாக வேண்டும், இந்த நேரம் பார்த்து எவனோ உள்ளே புகுந்து கைவைத்திருக்கிறான்.

அவள் வேலை அப்படி. புத்தகம் இணையத்தில் ஏறுவதற்கு முன் எல்லா இணைப்பும் திறக்கிறதா, படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்து டிக் அடிப்பாள். கடைசியாக, கண் தெரியாதவர்களுக்கு அது எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டுப் பார்க்க, திரையை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முழுப் புத்தகத்தையும் காதாலேயே வாசிப்பாள். படம் வரும் இடத்தில், அதில் என்ன இருக்கிறதென்று அவள் எழுதி வைத்ததை அந்தக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லும். மகள் உள்ளறையில் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்ததால் வீட்டில் எல்லா ஜன்னல் துணியையும் இழுத்துவிட்டிருந்தாள். நடுப்பகல் கூடத்தில் மங்கிக் கிடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்ற, மருந்து பாட்டிலின் தித்திப்பு வாடை எங்கும் நின்றது.

"மருத்துவமனை வராந்தா. பெஞ்சில் ஒரு பெண். மடியில் தூங்கும் குழந்தை."

அதுவரை அவள் எழுதியது.

"பெண் நிமிர்ந்து பார்க்கிறாள்."

திரையைப் போட்டாள். படத்தில் அந்தப் பெண் எப்போதும்போலக் குனிந்து குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்த விவரத்திலும் அந்தக் கடைசி வரி இல்லை. பதிப்பாசிரியனுக்குப் போன் போட்டாள்.

"அந்த வராந்தா படத்துல யாராவது கை வெச்சீங்களா?"

"நாங்க எதுக்குக்கா தொடப்போறோம்? தொட்டா நீங்கதான் சும்மா விடுவீங்களா?" சிரித்தான். "அனுமதியெல்லாம் வாங்கியாச்சுல்ல?"

"ஆச்சு" என்றாள்.

எங்கே ஆச்சு? போன வாரம் படத்தில் இருந்த அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டிருந்தாள். யார் யாரிடமோ கேட்டு இந்த எண்ணைப் பிடித்திருக்கிறாள். "அதுல இருக்கறது என் பொண்ணுங்க. கேக்காம எடுத்துட்டாங்க. அவ இப்ப இல்லைங்க. அந்தப் படத்த எடுத்துடுங்க." இவள் "பாத்துக்கிறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல படம் அது. ஒரு படத்தை எடுத்தால் பக்கமெல்லாம் நகரும், முதலிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டும், யாரால் முடியும்? அனுமதி பெறப்பட்டது என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு மகளுக்குத் தலைவாரப் போய்விட்டாள்.

இப்போது திரையை அணைத்து அந்தப் பக்கத்தை மறுபடி ஓடவிட்டாள்.

"மருத்துவமனை வராந்தா. பெண் எழுந்து நிற்கிறாள். மடியில் குழந்தை இல்லை."

திரையைப் போட்டாள். பெஞ்சு காலி. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் சுவர்தான் தெரிந்தது. மருந்து பாட்டில் வாடை போய், பினாயில் வாடை வந்தது.

அழித்தாள். படம் போயே போய்விட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"வீட்டுக் கூடம்" என்றது குரல். "இழுத்துவிட்ட ஜன்னல் துணி. மேசை முன்னால் ஒரு பெண், காதில் ஹெட்போன். அவள் பின்னால் இன்னொரு பெண்."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது, அது மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். குரல் இப்போது கூடம் முழுக்கக் கேட்டது.

"உள்ளறை. கட்டில். காய்ச்சலில் ஒரு குழந்தை. பக்கத்தில் ஒரு பெண்."

ஓடினாள். நாற்காலி சாய்ந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

"வாலு?" என்று மகளைக் கூப்பிட்டாள்.

கதவைத் தள்ளித் திறந்தாள்.

கட்டிலில் யாரும் இல்லை. தலையணை இன்னும் சுட்டது. மகள் போர்த்தியிருந்த பூப்போட்ட போர்வையையும் காணோம். ஜன்னல் உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள். அலமாரியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள்.

கூடத்தில் குரல் ஓய்ந்திருந்தது. போன் அடித்தது.

"அக்கா, நீங்கதான் டிக் போட்டுட்டீங்களே, அதான் வெளியிட்டுட்டோம். வராந்தா படம் ரொம்ப நல்லாயிருக்குன்னு இப்பவே எழுதறாங்க."

லேப்டாப்பில், அழித்த படம் அழித்த இடத்திலேயே இருந்தது. அதே வராந்தா. அதே பெஞ்சு. அதே பெண். மடியில் மஞ்சள் கவுன். மகளிடம் தைத்துத் தருகிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்த அந்தக் கிழிந்த பாக்கெட்.

"அந்தப் படத்த எடுங்க."

"என்னக்கா இது? எடுத்தா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது என் பொண்ணுப்பா. கேக்காம எடுத்துட்டாங்க. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ பேசினான். பிறகு வந்தான்.

"சரிக்கா. பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டான்.

அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. லேப்டாப்பை உலுக்கினாள். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். படத்தில் குழந்தை அசையவில்லை.

"மருத்துவமனை வராந்தா" என்றது குரல், நிதானமாக. "பெஞ்சில் ஒரு பெண். மடியில் தூங்கும் குழந்தை. அனுமதி பெறப்பட்டது."

பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பூப்போட்ட போர்வையைக் குழந்தையின் முகத்துக்கு மேல் மெல்ல இழுத்துவிட்டாள்.