மூன்றாவது ஊசி

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, சரியவிருந்த மலையை ஒரே ஊசியால் தைத்து நிறுத்தினாள். பொய் என்றால் என் மீசை உதிரட்டும். எனக்கு மீசையே கிடையாது. அது வேறு விஷயம்.

ஊசி என்றால் பைன் மரத்தின் இலை. அந்தப் பெண்ணை எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். அவள் அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவும் வேலை. எனக்கு வாசலில் காவல். பள்ளி விட்டதும் பட்டாணி அங்கேதான் வருவாள்.

அந்த வாரம் பூஞ்சை நோயால் மலையின் மேல்சரிவு மொட்டையாகிவிட்டது. வெட்டியது ஆயிரம் மரம் என்றார்கள். சத்தத்தைக் கேட்ட நான் லட்சம் என்பேன். மறுநாள் காலை கீழ்ச்சரிவின் முறை. அங்குள்ள வேர்கள்தான் பாறைகளைப் பிடித்து வைத்திருந்தன. மரங்கள் போனால் அடிவாரத்துப் பன்னிரண்டு வீடுகளையும் காலி செய்தாக வேண்டும். பட்டாணியின் வீடு ஏழாவது. அவள் அப்பா பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்.

“வேற வழியே இல்லையா, டாக்டரம்மா?” என்று கேட்டாள் பட்டாணி.

பூஞ்சைகளை இனம் பிரித்துப் பெயர் சொல்வது டாக்டரம்மாவின் வேலை. அவர் இரண்டு ஊசிகளை அவளிடம் காட்டினார்.

“சிவப்புப் பட்டை தெரியுதா? இந்தப் பூஞ்சை மரத்தையே கொன்னுடும். கறுப்புக் கோடு போடுற இது வேற இனம். உதிரப்போற பழைய ஊசியை மட்டும் தின்னுட்டுச் சும்மா கிடக்கும். ரெண்டு சரிவுலேர்ந்தும் பறிச்சு வந்த பைகள்ல ரெண்டு இனமும் இருக்கு. சிவப்புப் பட்டை இருந்தா வெட்டித்தான் ஆகணும்.”

இரண்டுக்கும் முழுப் பெயர் உண்டு. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கைநகம் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது.

மேசைமேல் ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதிய இரண்டு பைகள் இருந்தன. பட்டாணி ‘கீழ்’ பையைக் கொட்டி, ஊசிக் கொத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“டாக்டரம்மா, எங்க சரிவுல ஒரு கொத்துக்கு ரெண்டு ஊசிதான் இருக்கும். தினமும் பெருக்குறேனே! இதுல மூணு மூணா இருக்கே?”

டாக்டரம்மா சட்டென்று குனிந்தார். மூன்று ஊசிக் கொத்துகளில்தான் சிவப்புப் பட்டை. இரண்டு ஊசிக் கொத்துகளில் வெறும் கறுப்புக் கோடு.

“மூணு ஊசின்னா மேல்சரிவு மரமாச்சே! இது இந்தப் பைக்குள்ள எப்படி வந்தது? கூப்பிடு மேஸ்திரியை!”

ஊசிகளைப் பறித்து வந்தவர் மரம் வெட்டும் மேஸ்திரி. வெளியே ரம்பம் தீட்டிக்கொண்டிருந்தவர் நொண்டியபடி வந்தார்.

“கலந்துபோச்சா? நடக்கவே நடக்காது! முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. இந்தச் சுண்டைக்காய் சொல்றதை எல்லாம்...”

“சுண்டைக்காய் இல்ல மாமா, பட்டாணி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“பை தப்புன்னு பறிச்ச நீங்களே சொன்னாத்தான் மேலிடம் உத்தரவை நிறுத்தும், மேஸ்திரி. மறுபடி ஊசி எடுத்துப் பார்க்கலாம். இல்லேன்னா காலையில வெட்டுதான்.”

மேஸ்திரி முட்டியைத் தடவிக்கொண்டார். சுவர்க் கடிகாரம் சம்மட்டி மாதிரி அடித்தது.

பட்டாணி ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

“உட்காருங்க மாமா. நீங்க ஊசி பறிக்க வந்த அன்னைக்குச் சரியான மழை. எங்க வீட்டுத் தாழ்வாரத்துலதானே ஒதுங்கினீங்க? முட்டி வீங்கிப்போயிருந்தது. அம்மாகூட வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாங்களே. அந்தக் காலோட மறுபடியும் எப்படி ஏறுவீங்க? பாவம்.”

மேஸ்திரி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மேல்சரிவில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. அதற்குக் கீழே, இருட்டத் தொடங்கிய பன்னிரண்டு கூரைகள். அவற்றை எண்ணுவதுபோல் பார்த்தார்.

“அன்னைக்கு மறுபடி ஏறலைம்மா,” என்றார் கடைசியில். “மேல பறிச்சதையும் இறங்குற வழியில கீழ பறிச்சதையும் ஒரே சாக்குல போட்டு, இங்க பின்பக்கம் வந்துதான் ரெண்டா பிரிச்சேன். எழுதிக்குங்க, டாக்டரம்மா. பாப்பா சொன்னதுதான் நடந்தது.”