ஆஸ்தாவின் முயல்ரோம ஜாடி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவைத் தாழ் போட்டாச்சா? ஒரு ஜாடிக்காக ஓர் உயிர் போன கதை சொல்கிறேன்.

"ஐயோ...!"

கோதன்பர்க் நகரத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்கு அலறியவள் செனாய்ட். வயதானவர்களைக் கவனிக்க நகராட்சி அனுப்பும் பெண்.

மாடிப்படியின் அடியில் ஆஸ்தா கிடந்தாள். எண்பத்தொரு வயது. கழுத்து முறிந்து...

சுற்றிலும் தண்ணீர். ஈஸ்டருக்காக மஞ்சள் இறகு கட்டிய பிர்ச் மரக் கிளைகள் தரையெங்கும்.

அவை நின்ற ஜாடியைத்தான் காணோம்! 1960-களில் சூளையில் வெந்த பீங்கான். முயல் ரோமம் போலப் பழுப்பும் கறுப்புமாய் மெருகு வழிந்தது.

இன்ஸ்பெக்டர் இங்கேலா போன் செய்த அரைமணியில், ஆஸ்தாவின் அண்ணன் மகன் ராக்னர் விடுவிடுவென்று கூடத்துக்குள் வந்தான்.

"இவதான்! ஒரு வருஷமா அந்த ஜாடியையே பார்த்துட்டிருந்தா! ரெண்டு லட்சம் குரோனர் போகும்னு இவளுக்குத் தெரியும்!"

"பொய்!" செனாய்ட் குறுக்கிட்டாள். "நான் தண்ணி மாத்தினேன், அவ்வளவுதான். என்னை ஜெயில்ல போட்டா என் பொண்ணை யாரு பார்ப்பா...?"

"ராக்னர், நீங்க கடைசியா எப்ப வந்தீங்க?" என்றாள் இங்கேலா.

"கிறிஸ்துமஸ்ல."

இங்கேலா தரையைக் காட்டினாள். தண்ணீரிலிருந்து வாசல்வரை, காலுறை அணிந்த பெரிய பாதத்தின் ஈரத்தடம்!

"வந்தவன் ஷூவை வாசல்ல கழட்டியிருக்கான். திருட வந்தாலும் மரியாதை! செனாய்ட் கழட்டவே மாட்டா. ஷூ மேல நீல உறை மாட்டிக்குவா. அவ வேலை அப்படி."

"அதுக்கென்ன இப்ப?"

"இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் அத்தை வீட்டுக் கம்பளத்தை ஷூவோட மிதிக்க மாட்டான். நீங்க மிதிச்சுட்டு நிக்கறீங்களே... ஏன்?"

ராக்னர் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

"ம... மறந்துட்டேன்."

"இப்ப கழட்டுங்க!"

இடது காலுறை நனைந்து ஊறியிருந்தது. குதிகாலில்... ஒரு மஞ்சள் இறகு!

"ஜாடியைச் சர்ச் சந்தைக்குக் கொடுக்கப்போறதா அத்தை சொன்னாங்க..." அவன் உடைந்தான். "பிடுங்கினேன்... விடல. தள்ளிட்டேன்..."

ஜாடி அவன் கார் டிக்கியில் இருந்தது. அதைப் பார்த்ததும் செனாய்ட் கசந்து சிரித்தாள்.

"இதுக்கா? அடியைப் பாருங்க, மேடம்."

இங்கேலா கவிழ்த்தாள். பீங்கான் ஆலையின் முத்திரை. அதன் குறுக்கே ஆழமான ஒரு கீறல்!

"சூளையில பழுதானா இப்படிக் கீறி, வேலையாளுங்களுக்கே சல்லிசா தள்ளிவிடுவாங்களாம். ஆஸ்தாம்மா அங்க நாற்பது வருஷம் உழைச்சவங்க. தண்ணி மாத்தறப்பெல்லாம் இதைக் காட்டி, 'நானும் இதுவும் கழிச்சுக் கட்டினதுங்க'ன்னு சிரிப்பாங்க..."

ராக்னர் ஜாடியை எட்டிப் பார்த்தான். "அப்ப... என்னதான் விலை போகும்?"

"சந்தையில நூறு குரோனர்." இங்கேலா விலங்கை எடுத்தாள். "ஒருநாளாவது அத்தைக்குத் தண்ணி மாத்திக் கொடுத்திருந்தா, இதோட மதிப்பு ஓசியிலயே தெரிஞ்சிருக்கும்!"

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஜாடியில் தண்ணீர் மாற்ற எந்நாளும் ஓர் அன்பான கை இருக்கட்டும்.