ஆனி முப்பத்திரண்டு

1997, ஆடி முதல் தேதி, வியாழக்கிழமை. காலை 7.10.

அவிநாசிக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில், இளைய மகன் லட்சுமணசாமியின் மனைவி காபி டம்ளரோடு மாமனாரின் அறைக் கதவைத் தள்ளினாள். கந்தப்பன் கட்டிலில் வாய் திறந்தபடி கிடந்தார். வயது எழுபத்தாறு. உடம்பு விறைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

8.30-க்கு சப்-இன்ஸ்பெக்டர் சென்னகேசவன் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அதற்குப் பிறகு எந்த மகனோடு இருப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. அந்த எரிச்சலோடுதான் வந்திருந்தார்.

அவர் வருவதற்குள் இங்கே குற்றவாளியைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். தோட்டத்தில் களை வெட்டும் சின்னாத்தாள் களத்து மண்ணில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மூத்த மகன் பாலுசாமி அவளுக்கு நாலடி தள்ளி நின்று கை நீட்டினார்.

"இவதானுங்க எங்கப்பனுக்குச் சோத்துல மருந்து வெச்சுப்போட்டா. கட்டலுக்கடியில இவ சோத்துப் போசி கெடக்குது, போய்ப் பாருங்க. போன மாசம் இவ புருசனை வேலைக்கு வரவேண்டாம்னு சொன்னேன். அந்த வன்மம்."

"வெச்சதை யாருங்க பார்த்தது?"

"பார்க்கோணுங்களா? அதான் போசி இருக்குதல்லங்க."

கிழக்கே பாலுசாமியின் வீடு. மேற்கே லட்சுமணசாமியின் வீடு. இரண்டுக்கும் நடுவே, மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறைதான் கந்தப்பனுக்கு. நாலு வருடம் முன்பு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சுவரைப் பிடித்துக் கதவுவரை வருவார், அவ்வளவுதான்.

சென்னகேசவன் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். சாணி மெழுகிய தரை. படியிலிருந்து கட்டிலுக்கு அடிவரை ஒரு மெல்லிய கோடு, எதையோ தேய்த்துத் தள்ளியது போல. கோட்டின் முடிவில் அலுமினியத் தூக்குப்போசி, மூடி போட்டபடி. சுவரோரம் கழுவிக் கவிழ்த்த தட்டு. தலைமாட்டில் சர்க்கரை வியாதி மாத்திரைப் பட்டை. பத்தில் நாலு மீதி.

"மாத்திரை எப்ப வாங்குனது?"

"ஞாயித்துக்கெழமைங்க," என்றார் லட்சுமணசாமி. "திங்கக்கெழமையிலிருந்து போடறாரு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சோத்துக்கு முன்னால. தவறவே மாட்டாருங்க."

மூன்று நாளுக்கு ஆறு. கணக்கு சரியாக இருந்தது. ஏட்டு முகமது ரியாஸ் கைக்குட்டையால் போசியின் மூடியைத் திறந்தார். நெடி அறையை நிறைத்தது.

"ரெண்டு நாள் ஆன சோறுங்கய்யா. கழுத்து வரைக்கும் இருக்கு. ஒரு வாய்கூட எடுக்கலை."

காலை 9.15. விசாரணை.

"தம்பி, கடைசியா எப்பச் சோறு குடுத்தீங்க?"

"எங்க முறை இன்னைக்குத்தானுங்க ஆரம்பம், ஆடி ஒண்ணு," என்றார் லட்சுமணசாமி. "அதான் இவ காபி கொண்டு போனா. ஆனி மாசம் அண்ணன் முறைங்க."

யாரும் கேட்பதற்கு முன்பே பாலுசாமி ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். "என்ற முறையை ஒரு நாள் தவறாமக் குடுத்து முடிச்சுட்டனுங்க. எழுதுனது எழுதுனபடி."

எட்டு வருடம் முன்பு பாகம் பிரித்தபோது கந்தப்பன் தன் முதுமைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. எட்டு ஏக்கரையும் மகன்களுக்கு நாலு நாலாக எழுதிவிட்டார். தனக்கென்று கேட்டது ஒன்றுதான். ஒரு மாதம் மூத்தவன், மறுமாதம் இளையவன் என்று, தமிழ் மாதம் முதல் தேதி தொடங்கி முப்பது நாள் சோறு போட வேண்டும். முன்யோசனைக்காரர் என்று அன்றைக்கு ஊரே மெச்சியது. பெற்ற பிள்ளையிடம் சோற்றுக்குப் பத்திரம் எழுதி வாங்க வேண்டியிருந்ததைப் பற்றி ஒருவரும் வெட்கப்படவில்லை.

சின்னாத்தாளிடம் வந்தபோது சென்னகேசவன் மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, இது உங்க போசிங்களா?"

"ஆமாங்க சாமி. செவ்வாக்கெழமை கொண்டாந்தனுங்க."

"பெரியவர் கையில குடுத்தீங்களா?"

அவள் பாலுசாமியைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க."

"தினமும் கொண்டாருவீங்களா?"

"மாசக் கடைசியிலதானுங்க. அதும் எல்லா மாசமும் இல்லீங்க."

மதியம் 1.15. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் போனில் சொன்னார். "பூச்சிமருந்துக்கான அடையாளம் எதுவும் தெரியலை. லேப் ரிப்போர்ட் அப்புறம் வரும். ஆனா குடல்ல ஒண்ணுமே இல்லை. ரெண்டு நாளாவது ஆகியிருக்கும் சாப்பிட்டு."

"வெறும் வயித்துல சக்கரை மாத்திரை போட்டா?"

"சக்கரை மளமளன்னு இறங்கிரும். இந்த வயசுல மயக்கத்துலயே உசுரு போயிரும்."

சென்னகேசவன் போனை வைத்துவிட்டு ஸ்டேஷன் சுவரிலிருந்த மாதக் காலண்டரின் முன் போய் நின்றார். ஏட்டு இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

பிற்பகல் 3.40. எல்லோரும் களத்தில் இருந்தார்கள். சின்னாத்தாளை எப்போது ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று வேலிக்கு அப்பால் ஊரே காத்திருந்தது.

"பாலுசாமி, நேத்து என்ன தேதி?"

"ஆனி..." பாலுசாமி நிறுத்தினார்.

"ஆனி முப்பத்திரண்டு. பத்திரத்துல இருக்கறது முப்பது நாள். உன்ற முறை திங்கக்கெழமையோட முடிஞ்சுது. உன்ற தம்பி முறை இன்னைக்கு ஆரம்பம். செவ்வா, புதன் ரெண்டு நாளும் உங்கப்பனுக்கு யாரு சோறு போட்டது?"

காலையிலிருந்து 'ங்க' போட்டுப் பேசிய சென்னகேசவன் அதை விட்டுவிட்டார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"நான் சொல்றேன். இந்த எட்டு வருசமா, மாசம் முப்பது நாளைத் தாண்டுனப்பெல்லாம் அவருக்குச் சோறு போட்டது இந்தம்மா. இந்தத் தடவை தடுத்தது நீ."

"நான் எதுக்குங்க தடுக்கறேன்? அவ போசி உள்ளயே இருந்துதல்லங்க."

"இருந்துது. நிறையச் சோத்தோட. ரெண்டு நாள் பட்டினி கெடந்த மனுசன் கைக்கெட்டற தூரத்துல சோத்தை வெச்சுக்கிட்டு, தொடாமயே சாவானா? விசம்னே வெச்சுக்க. திங்காத விசம் எப்படிக் கொல்லும்? அவர் செத்ததுக்கப்புறம் உள்ள வந்த போசி அது. வாசப்படியிலிருந்து கம்புல தள்ளியிருக்குது. தரையில கோடு இருக்குது. சின்னாத்தா தன்ற போசியைக் கம்புல தள்ளுவாங்களா?"

பாலுசாமி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதைக் கையில தொட அருவருப்புப்பட்டவன் தள்ளுனது. தொறந்து பாதிச் சோத்தை வெளிய கொட்டியிருந்தீன்னா நானும் நம்பி இந்தம்மாவை உள்ள வெச்சிருப்பேன். மூடியைத் தொறக்கக்கூட உனக்குக் கை கூசுச்சு. அதுலதான் மாட்டுன."

சின்னாத்தாள் முதல்முறையாக நிமிர்ந்து, பாலுசாமியைக் காட்டிப் பேசினாள். "கேட்டுச் சொவுத்து மேல வெச்சுப்போட்டுப் போடின்னு பண்ணாடிதானுங்க வெரட்டுனாரு. புதங்கெழமையும் வந்தனுங்க. கேட்டைப் பூட்டிப்போட்டாங்க. உள்ளயிருந்து பெரியவரு என்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டாருங்க. கேட்டுக்கிட்டே நின்னனுங்க சாமி."

"டீக்கடையில அவனவன் சிரிக்கறானுங்க, அவ கையில உங்கப்பன் வாங்கித் திங்கறாருன்னு," என்றார் பாலுசாமி. குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் ஒரு நாள் சேர்த்துக் குடுத்தா அதுவும் என்ற முறையாயிருமுங்க. தம்பி குடுப்பான்னு இருந்துட்டேன்."

"அண்ணன் குடுப்பாருன்னு நானும் இருந்துட்டனுங்க," என்றார் லட்சுமணசாமி.

சென்னகேசவனுக்கு இருவரையும் அறைய வேண்டும் போலிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாலு ஏக்கர் வாங்கிக்கொண்டவன் முப்பதுக்கு மேல் எண்ண மாட்டான். ஒரு சென்ட் நிலம் இல்லாதவள் காலண்டர் பார்த்துச் சோறாக்கினாள்.

"எப்படியும் சோறு வரும்னு நம்பித்தான் வேளை தவறாம மாத்திரையைப் போட்டிருக்காரு," என்றார். "உங்களை நம்புனதுதான் அவரைக் கொன்னுது. ரியாஸ், பாலுசாமியை ஏத்துங்க. சோத்தைத் தடுத்தது, பொய்த் தடயம் வெச்சது, ரெண்டையும் எழுதுங்க. அம்மா, நீங்க எந்திரிங்க. ஊட்டுக்குப் போங்க."

சின்னாத்தாள் எழுந்தாள். போகவில்லை. பெரியவரின் உடலை ஏற்றிய வேன் தடத்தில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலை 4.20. ஜீப்பை எடுக்கும்போது லட்சுமணசாமி ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

"ஏனுங்க சார், அப்பனுக்குக் கொள்ளி வெக்கறது மூத்தவன் முறைங்க. காரியம் முடியற வரைக்கும் அண்ணனை உட்டுப்போட்டுப் போங்க."

சென்னகேசவன் அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு ஆடி ஒண்ணு. உன்ற முறை."