தண்ணி வண்டிப் பாட்டு

கோச்சடையில் தண்ணீர் வண்டி வந்தால் தெருவே சண்டை போடும். அந்தச் சண்டையைக் கனகா டீச்சர் ஒரு பாட்டாக்கிவிட்டார்.

பள்ளி விட்டதும் இருபது பிள்ளைகள் கடைசி வகுப்பறையில் மூன்று அணியாக நிற்பார்கள். முதல் அணி வண்டியின் ஹாரன். இரண்டாம் அணி குடங்கள்: 'டங்கு டங்கு டங்கு.' மூன்றாம் அணி, வரிசையில் நிற்கும் சனம்.

"நீலக் குடம் முன்னால,
பச்சைக் குடம் பின்னால,
எங்க குடம் எங்கடி?
நேத்தே வந்து நிக்குது!"

மூன்றும் ஒன்றாகச் சேரும்போது பாண்டீஸ்வரிக்கு உடம்பு சிலிர்க்கும். தினமும் அவள் சலித்துக்கொண்டே தூக்கும் அதே குடம்தான். பாட்டுக்குள் போனதும் அதற்கு எப்படி இத்தனை அழகு வந்தது? ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு அது விளங்கவே இல்லை. டீச்சரையே வாய் பிளந்து பார்ப்பாள்.

"ஏத்தா, ஒண்ணு பாடு, இல்லாட்டி வாயை மூடு. கொசு போயிரும்," என்பார் டீச்சர்.

சனிக்கிழமை நாகமலை புதுக்கோட்டையில் ஓர் அரங்கில் பள்ளிகளின் சேர்ந்திசை விழா. வாத்தியம் எதுவும் கூடாது. வெறும் குரல்தான்.

புதன்கிழமை தாமரைச்செல்வி வந்து சேர்ந்தாள். அழகர்கோவில் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாறி வந்தவள். கனத்த குரல். டீச்சர் அவளை மூன்றாம் அணியில், பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

அன்றைக்குப் பார்த்துப் பாட்டு கெட்டது. நாலு வரிக்குள் ஹாரனின் சுருதி மேலே ஏறியது. குடங்கள் கீழே இறங்கின. சனம் நடுவில் நின்று திண்டாடியது. நிஜமான தண்ணீர் வண்டிச் சண்டை மாதிரியே இருந்தது. மூன்று முறை பாடினார்கள். மூன்று முறையும் அப்படித்தான்.

வெளியே வந்ததும் ஹாரன் அணியில் பாடும் முகேஷ், பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்: "மாப்ள, இம்புட்டு நாளா நல்லாத்தான பாடுனோம்? இன்னைக்கு யாருடா புதுசு?"

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தாமரையைத் திரும்பிப் பார்த்தார்கள். தாமரை குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை அவள் வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள். பாட்டு தேன் மாதிரி வந்தது.

"பாத்தியா?" என்றான் முகேஷ்.

வெள்ளிக்கிழமை மதியம் பாண்டீஸ்வரி தாமரையைக் குழாயடியில் பிடித்தாள்.

"வயித்து வலி போயிருச்சா?"

"வலியெல்லாம் இல்ல. நான் பாட்டுக்கு வரல. டீச்சர்ட்ட சொல்லிரப் போறேன்."

"பாடப் பிடிக்கலையா?"

"பிடிக்காமலா? கனவுல கூட குடந்தான் வருது," என்றாள் தாமரை. அவள் கண் கலங்கியது. "ஆனா நான் நின்னாக் கெட்டுப்போகுதே!"

பாண்டீஸ்வரி யோசித்தாள். புதன்கிழமை தாமரை வந்தாள், பாட்டு கெட்டது. சரி. அன்றைக்குப் புதிதாக வந்தது தாமரை மட்டும்தானா? வேறு எதுவுமே மாறவில்லையா?

அன்று எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. மின்விசிறி ஓடவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் பாட்டு ஏன் கெட வேண்டும்? பாட்டுக்கு என்ன பிளக்கா இருக்கிறது?

அவள் அந்தக் கடைசி வகுப்பறைக்குப் போய்ச் சும்மா நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டாள்.

'ம்ம்ம்ம்ம்...'

சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். மெதுவாக முதல் வரியைப் பாடிப் பார்த்தாள். மில்லின் சத்தத்தின் மேல் அது அப்படியே போய் உட்கார்ந்தது.

மில்லுக்கு ஓடினாள். மில்காரர் சங்கிலி அண்ணன் மூக்கில் துண்டு கட்டி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிசம் மில்லை நிப்பாட்டுவீங்களா?"

"எதுக்கு? பாடுறதுக்கு இடைஞ்சலா இருக்கா?"

"இல்லண்ணே. அது நின்னா இடைஞ்சலா இருக்குமான்னு பாக்கணும்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நாலரைக்கு டீ குடிக்கப் போவேன். அப்ப தானா நிக்கும். போ, தும்மல் வரப்போகுது," என்றார். வந்தேவிட்டது.

நாலேகாலுக்குத் தாமரையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அணியில் நிறுத்தினாள். முகேஷ் முனகினான். பாட்டு ஆரம்பித்தது. ஹாரன், குடம், சனம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. தாமரையும் பாடினாள். முகேஷின் புருவம் உயர்ந்தது.

இரண்டாம் முறை பாடும்போது நாலரை மணி. மில் நின்றது. அடுத்த நாலு வரியில் ஹாரன் மேலே ஏறியது, குடங்கள் கீழே இறங்கின.

"டீச்சர், மில்லு!" என்று கத்தினாள் பாண்டீஸ்வரி. "இம்புட்டு நாளா நம்ம அதைச் சுருதியாப் பிடிச்சுத்தான் பாடியிருக்கோம்! புதன்கிழமை அது ஓடல. தாமரை மேல தப்பு இல்ல!"

கனகா டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஊர்ச் சத்தத்தையெல்லாம் தேடிப் போய்க் கேட்டேன். சுவத்துக்குப் பின்னால இருக்கிறதை விட்டுட்டேனே!"

"தாமரை, அது வந்து..." என்று முகேஷ் தலையைச் சொறிந்தான். "நானுந்தான் அன்னைக்கு மேல ஏறிக் கத்திக்கிட்டு இருந்தேன்."

"ஆனா நாளைக்கு அரங்குல மில்லுக்கு எங்க போறது?" என்றார் டீச்சர்.

"தண்ணி வண்டியும் அப்படித்தான டீச்சர் உறுமும்?" என்றாள் பாண்டீஸ்வரி. "தாமரை உறுமட்டும். அவ குரல்தான் கனம்."

"பாட்டு முழுக்கவா? மூச்சு விட வேணாமா?" என்று அலறினாள் தாமரை.

"நானும் நிக்கிறேன். நீ மூச்சு வாங்குறப்ப நான் வாங்க மாட்டேன்."

அப்படியென்றால் அவள் நீலக் குடம், பச்சைக் குடம் எதையும் பாட முடியாது. பாண்டீஸ்வரி அந்த வரிகளை ஒரு முறை வாய்க்குள் பாடிக்கொண்டாள். பிறகு தாமரையின் பக்கத்தில் போய் நின்றாள்.

மறுநாள் அரங்கில் இருவரும் ஓர் ஓரத்தில் உதட்டை மூடிக்கொண்டு உறுமினார்கள். அதன் மேல் ஹாரன் வந்தது. குடங்கள் வந்தன. சனம் வந்தது. எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை.

திடீரென்று அரங்கின் மைக்செட்காரர் அருள்பாண்டி குனிந்தபடியே மேடைக்கு வந்தார். ஸ்பீக்கர்தான் இரைகிறது என்று நினைத்து ஒரு ஒயரைப் பிடுங்கி மாட்டினார். 'ம்ம்ம்' நிற்கவில்லை. இன்னொரு ஒயரை ஆட்டினார். அப்போதும் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்து முழித்தார்.

தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சத்தம் அறுந்தது. பாண்டீஸ்வரிக்கும் வயிறு குலுங்கியது. அவளும் சிரித்தால் பாட்டு அவ்வளவுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் கொடுத்து ஒற்றையாய் இழுத்தாள். மூச்சு தீரப்போகும் நேரம். பக்கத்தில் அந்தக் கனத்த குரல் வந்து சேர்ந்தது. பாண்டீஸ்வரி நிம்மதியாக மூச்சு வாங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே அருள்பாண்டி நின்றிருந்தார். இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அடி ஆத்தி! நீங்களா?" என்றார் மெல்லிய குரலில்.

ஒரு மைக்கை எடுத்து வந்து அவர்கள் உயரத்துக்கு இறக்கி வைத்தார். அப்புறம் தன் மைக்செட் பெட்டிக்கு ஓடிப்போய், இம்புட்டு நேரம் நிறுத்தப் பார்த்த சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.