நாலு கல்யாணம் கண்ட டின்னர் செட்

சூரியன் அன்றும் ஏழு நிமிடம் தாமதமாகத்தான் உதித்தது. சபேசன் படுக்கையிலிருந்து எழுந்துபோய்ச் சுவரை இரண்டு தட்டு தட்டினார். பாதியில் நின்றுபோயிருந்த சூரியன் ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. உடனே காக்கை கத்தியது. அதே காக்கை, அதே மூன்று தடவை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் காக்கைக்கு ஒரு நாளாவது தொண்டை கட்ட வேண்டுமே, கிடையாது.

செவ்வாய்க் கோளில், தரைக்கு அடியில் நாற்பது தளம் இறங்கும் செம்புலம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் விடியும். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. சுவரில் ஓடும் படம்தான் வானம். மேல் தளத்தில் மட்டும் ஜன்னல் வைத்த வீடுகள் நூற்றுப்பத்து இருந்தன. நிஜக் கண்ணாடி, அதற்கு அப்பால் நிஜ வெளி. அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று கேட்டால், கல்லும் மண்ணும்தான். அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் தவம் கிடந்தார்கள்.

சபேசனின் மனைவி இன்பவல்லிக்கு வேலை காற்றுச் சல்லடைக் கூடத்தில். ஊர் விடும் மூச்சில் உள்ள தூசியை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கணவனிடம் நகை கேட்டதில்லை, நல்ல துணி கேட்டதில்லை. போன வருடம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஒரே ஒரு நாள் நெசமா விடியறதைப் பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் இந்தக் காக்காவை ஆயுசு பூரா கேட்டுக்கறேன்.”

சபேசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே விண்ணப்பம் போட்டார்.

ஜன்னல் வீட்டைக் கொடுப்பது குடிப்பண்புக் குழு. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் தளமே காலி. ஆகவே பொருளைப் பேணத் தெரிந்த குடும்பத்துக்குத்தான் ஜன்னல். பேணத் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பூமியிலிருந்து வந்த, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஒரு பழம்பொருளாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியாது. மனிதக் கை பட்ட இடத்திலெல்லாம் எண்ணெயும் வியர்வையும் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகப் படிகின்றன. அதற்குக் கைப்படிவு என்று பெயர். அதைப் படிக் கணக்கில் அளக்கும் கைமானி குழுவிடம் மட்டும்தான் உண்டு. மூவாயிரம் படி காட்டினால் ஜன்னல். மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம்.

சபேசன் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். முதலில் வாங்கிய பித்தளை விளக்கு, வாங்குவதற்கு முந்தின மாதம்தான் எந்திரத்தில் அச்சிட்டு எடுத்தது. அதில் இருந்த நாற்பது படியும் கடைக்காரர் துடைத்துத் துடைத்து ஏற்றியது. இரண்டாவதாக வாங்கிய சுவர்க் கடிகாரம் அசல்தான். ஆனால் கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் இன்பவல்லிக்கு ஆயுளுக்கும் காக்கைதான்.

பதினேழாம் தளத்தில் வாராவாரம் கூடும் பழம்பொருள் சந்தையில் இருவரும் கால் கடுக்க நடந்தார்கள். பெயர்த்து எடுத்த சுவிட்ச் போர்டுகள் இருந்தன. பிளாஸ்டிக் உறை கழற்றாத டிவி ரிமோட்டுகள் இருந்தன. உறையில்தான் அத்தனை கைப்படிவும், உள்ளே ரிமோட் பிறந்த குழந்தை. கைப்பேசிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றில் கைப்படிவு லட்சத்தைத் தாண்டும். ஆனால் குழு அவற்றை ஏற்பதில்லை. அது பேணியதற்கு அடையாளமில்லை, ஒருவகைச் சொறி என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

சவரிமுத்துவின் கடையில்தான் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ரோஜாப்பூ போட்ட வெள்ளைப் பீங்கான் டின்னர் செட். தட்டு, கிண்ணம், குழம்புக்கு மூடி போட்ட பாத்திரம் என்று முப்பத்திரண்டு உருப்படி. நூற்று எழுபது வருடப் பழசு. ஒரு கீறல் இல்லை. பெட்டியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அன்பளிப்புச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. சவரிமுத்து அவற்றின் ஓரங்களை ஆவியில் காட்டி, நான்கு பெயரும் தெரியும்படி பிரித்து வைத்திருந்தார். பரந்தாமன் கல்யாணத்துக்கு வந்தது, பிறகு சகுந்தலா கல்யாணம், பிறகு இன்னும் இரண்டு.

“நாலு குடும்பம் சார். நாலு கல்யாணம். இதைவிடக் கைபட்ட பொருள் வேணும்னா நீங்க பூமிக்குத்தான் போகணும்.”

சபேசனுக்கு மனசு நிறைந்துவிட்டது. சவரிமுத்து கொடுத்த கையுறையைப் போட்டு ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நாலு தலைமுறை புழங்கியும் இத்தனை பளபளப்பு என்றால் எவ்வளவு பத்திரமாகப் பேணியிருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். இன்பவல்லி தலையை ஆட்டினாள். அவளுக்குக் கால் வலித்தது. இரண்டு பேருடைய மூன்று வருடக் குளியல் நீரைச் சவரிமுத்துவின் பெயருக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை வாங்கினார்கள். அடிப்பக்கம் தொய்ந்திருந்ததால், பூமியில் யாரோ வீடு காலி செய்தபோது அள்ளி வந்த மூட்டையிலிருந்து ஒரு பழந்துணியை உருவி இடுக்கில் திணித்துக் கொடுத்தார் சவரிமுத்து.

செம்புலத்தில் நூல் என்று எது கிடைத்தாலும் மறுசுழற்சிக்குப் போய்விடும். பழந்துணி என்ற ஒன்றே அங்கே கிடையாது. சூடான பாத்திரத்தை இரும்பு இடுக்கியால்தான் பிடிப்பார்கள். இன்பவல்லி அந்தத் துணியைத் தூக்கிப் போட எடுத்தாள். கையில் அது மெத்தென்று பாந்தமாக இருந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது, நடுவில் மஞ்சள் கறை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுப்புப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை குழுவிலிருந்து ஆய்வாளர் பர்வீன் வந்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த அம்மாள், படியேறிய களைப்போடு, சபேசன் கையுறை போட்டு மேஜையில் பரப்பியிருந்த செட்டைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். சபேசன் நான்கு கல்யாணங்களின் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கைமானியைத் தட்டுகளின் மேல் நகர்த்தினார். பூஜ்யம். கிண்ணம், பூஜ்யம். முப்பத்திரண்டும் பூஜ்யம். அட்டைப்பெட்டியில் மட்டும் பதினொன்று காட்டியது.

“கருவி பழுதா இருக்குமோ?” என்றார் சபேசன்.

“பழுதில்லை சார். இது நாலு கல்யாணத்துக்கு வந்த செட் இல்லை. நாலு கல்யாணத்திலயும் பிரிக்காம, மேல வேற சீட்டு ஒட்டி, அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளி விட்ட செட். அந்தக் காலத்துல அப்படித்தான். மேடையில கை மாறுறப்போ பட்டதுதான் அந்தப் பதினொண்ணு. இதுல ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடலை.”

சபேசன் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் கவலையாக இருந்தது. இன்பவல்லி, வந்தவர் என்ன சொன்னாலும் வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று உள்ளே போய்த் தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வந்தாள்.

அவள் மேஜையை நெருங்கியதும் கைமானி கூவியது. மூவாயிரம், ஆறாயிரம் என்று ஏறி ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பதில் போய் நின்றது. பர்வீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“கையில என்னம்மா அது?”

“பிடிதுணிங்க. பார்சல்ல திணிச்சு வந்தது. கொஞ்சம் அழுக்கா இருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க.”

பர்வீன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அடுக்கடுக்காகப் படித்துச் சொன்னார். முதலில் யாரோ ஓர் ஆணின் பனியனாக இருந்திருக்கிறது. கிழிந்த பிறகு சைக்கிள் துடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு சமையலறைக்கு வந்து, மூன்று பெண்களின் கையில் இருபத்தைந்து வருடம் தினமும் சோற்றுப் பானையை இறக்கியிருக்கிறது. இப்படி ஒரு பொருளைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். அங்கேயே ஒப்புதல் முத்திரையைப் பதித்தார். இன்பவல்லி அழுதாள்.

அடுத்த மாதம் மேல் தளத்துக்குக் குடிபோனார்கள். குழுவே எட்டடி உயரத்தில், முதுகில் இரும்புத் தகடு அடித்த ஒரு கண்ணாடி ஷோகேஸை அனுப்பியிருந்தது. பிடிதுணி அதற்குள், பட்டு விரிப்பின் மேல், ‘தொடக் கூடாது’ என்ற பலகையோடு படுத்திருந்தது. பதிவு செய்த பழம்பொருள் கூடத்தில்தான் நிற்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு சுவரில் கதவு, ஒன்றில் காற்று எந்திரம், ஒன்றில் தண்ணீர்க் குழாய்கள். நாலாவது பக்கத்தில் ஜன்னல்.

சபேசன் பர்வீனை அழைத்து மல்லுக்கு நின்றார். எல்லா ஜன்னல் வீட்டிலும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் அலுப்போடு பதில் சொன்னார். வெளியே தினமும் நூற்றுப்பத்து ஜன்னல்களையும் தூசி தட்டும் எந்திரனுக்கு நூற்றுப்பத்து ஷோகேஸ்களின் முதுகுதான் தெரியும். விடியலைப் பார்க்க முடியாதவர்களுக்குக் குறை இருக்கக் கூடாதல்லவா? கதவுக்கு மேலே ஒரு படச்சுவரும் குழுவே இலவசமாகப் பொருத்திக் கொடுத்திருந்தது.

முதல் நாள் காலை இன்பவல்லி எழுந்து தோசை வார்த்தாள். டின்னர் செட்டுக்கு இனி மதிப்பில்லை என்பதால் ரோஜாப்பூத் தட்டில் வைத்தாள். நூற்று எழுபது வருடம் கழித்து அந்தத் தட்டில் ஒருவர் சாப்பிட்டார். சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கும்போது விரல் சுட்டுவிட்டது. கை தன்னால் அடுப்போரம் போயிற்று, துணி அங்கே இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஷோகேஸுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எறும்பு நுழையவும் இடமில்லை. அதற்குப் பின்னால் நிஜமாகவே விடிந்துகொண்டிருந்தது.

கதவுக்கு மேலே சூரியன் பாதியில் நின்றிருந்தது. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, இங்கயும் ஏழு நிமிஷம் லேட்டுதான். போய் ரெண்டு தட்டு தட்டிட்டு வாங்க.”